ஏழாம் வாட்டுச் சுருக்கங்கள்

திங்கட்கிழமை, களுதாவளையிலிருந்து ஐந்தரை பஸ்.
கையில் வெற்றிலைக்கடைத் துண்டு:
முன்பக்கம் அப்பாவின் கூட்டல்,
பின்பக்கம் என் பாடம்.
பீ.டீ. இருவேளை.
டீ.டீ.எஸ். மூவேளை.
ஸ்டாட் என்றால் இப்போதே, இந்தக் கணமே.
பீ.ஆர்.என். என்றால் தேவைப்படும்போது,
கொண்டக்டர் மிச்சக்காசு தருவதுபோல.
பரீட்சையில் நாற்பது கேட்பார்கள்,
துண்டில் எண்பது இருந்தது.

விடுதியில் மேல்தட்டுக் கட்டில் சில்மியாவுக்கு. ஏறாவூர்க்காரி.
ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் சுருக்கிவிட்டாள்.
புதன்கிழமைப் பருப்புக்கு என்.பீ.எம்.,
வாயால் ஒன்றும் வேண்டாம்.
அவளுடைய தம்பி கோல் எடுத்தால் சீ.ஓ.,
முறைப்பாட்டோடு வந்திருக்கிறான்.
எம்.ஏ.என்.ஈ. வந்த இடத்தில்
நாங்கள் சிரித்தது வோர்டனின் அறைவரை போனது.
காலையில் என்று பொருளாம். லத்தீனாம்.
கூட்டி வாசித்தால் மனே!
எங்கள் பக்கத்தில் மகளும் மனே, மகனும் மனே,
மீன்காரர்கூட விலையைச் சொல்லிவிட்டு
மனே என்றுதான் பையைப் பிடிக்கச் சொல்வார்.
"ஒரு குளிசை, மனே" என்று சில்மியா கையை நீட்ட
அன்றிரவு பாடம் அதோடு சரி.

மறுகா ஏழாம் வாட், இரவு டியூட்டி.
பதினோராம் கட்டில்.
யோகமலர், நாற்பத்தொரு வயது, நாவலடி.
ஜீ என்றால் இது எத்தனையாவது வயிறு,
பீ என்றால் எத்தனை பேறு,
சீ என்றால் பிள்ளைகள்.
மூன்றெழுத்து, மூன்று இலக்கம், அரை வரிகூட வராது.
"நாலாவது வயிறு, மிஸ்."
"பெத்தது?"
"மூண்டு."
"பிள்ளைகள் எத்தனை அக்கா?"
"மூண்டு."
எழுதினேன். என் எழுத்து அழகாகக்கூட இருந்தது.

டொக்டர் வந்தார்,
கிளினிக் கொப்பியைப் புரட்டினார்,
கடைசி மூன்றின் மேல் ஒரு கோடு,
பக்கத்தில் சைபர்,
கீழே சின்னக் கையெழுத்து.
"சீ எண்டா உயிரோட இருக்கிற பிள்ளைகள்."
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.
எனக்கு அது தெரியும். துண்டில் நாற்பத்தேழாவது.

நாவலடி என்று எழுதும்போதே
கை நின்றிருக்க வேண்டும்.
மட்டக்களப்பில் அந்த ஊர்ப்பெயரே ஒரு சுருக்கம்தான்,
யாரும் விரித்துச் சொல்வதில்லை.

"என்ன புள்ள வெட்டினவர்?"
எண்பதும் பாடமாக்கிய எனக்கு
வாயில் ஒன்றும் இல்லை.
"நான் பிழையா எழுதிப்போட்டன் அக்கா."
"பிழையில்லகா. ரெண்டு கணக்கு இரிக்கி.
அவருக்கு மருந்து குடுக்க அது தேவ."
கொஞ்சம் பொறுத்து,
"மூத்தவன் இப்ப கம்பஸ் முடிச்சிரிப்பான்" என்றா,
அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல.
பிறகு போத்தலை நீட்டினா,
சுடுதண்ணி வேணுமாம்.

மூன்று மணிக்கு நோவு கூடியது.
நாலு பத்துக்குப் பெண்பிள்ளை,
இரண்டு கிலோ தொள்ளாயிரம்,
அழுகை நல்லம் என்று எழுதினார்கள்,
அதற்கும் ஒரு சுருக்கம் இருக்கிறது.
சைபருக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட இடமில்லை,
ஓரத்தில் சாய்த்து எழுதினேன்.
வெட்டுப்பட்ட மூன்று அப்படியே கிடந்தது.
கோட்டுக்குள்ளாலும் வாசிக்கலாம்.

வாவிப் பக்கம் வெளுக்கத் தொடங்கியபோது
அவவின் மருந்தட்டையை நான் பார்த்தெழுதிக்கொண்டிருந்தேன்:
இரும்புக் குளிசை, ஒன்று,
எம், ஏ,
என், ஈ.
பதினோராம் கட்டிலில் யோகமலரக்கா
துணிப்பொட்டலத்துக்குள் குனிந்து
அந்தச் சொல்லை
மெல்ல வாசித்தா. பிறகு இன்னொரு தரம்.

சில்மியாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை.
பரீட்சையில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு.
விட்ட இரண்டும் வேறு.